இரண்டாம் தட்டு

காது சோதிக்கும் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்
இடி விழுந்தாலும் கேட்காதாம்.
ஒலி வந்தால் பொத்தானை அழுத்துங்கள் என்றாள் ஈடா.
அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன்.
பொறுங்கள், என்றது ஹெட்ஃபோனில் அவள் குரல்,
நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அவளிடம் எதிலிருந்து சொல்ல?
எண்பத்தேழு ஜனவரி. துர்க்கு நகரம்.
கப்பல் பட்டறைக்குப் பின்னால் ஒரு கயிற்றுக் கிடங்கு.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
உள்ளே ருவோஸ்தெலங்கா.
துருக்கம்பி என்று அர்த்தம். நான்கு பேர்.
அதில் மூன்று பேருக்கு வாசிக்கத் தெரியும்.
இடப்பக்க ஸ்பீக்கரில் காதை வைத்துச் சாய்ந்திருந்தேன்,
அது கதகதப்பாக இருந்தது என்பதால்.
ரசனையெல்லாம் அப்புறம் வந்தது.

கடைசிப் பாட்டின் நடுவே ஒஸ்மோ
கித்தாரை ஆம்ப்ளிஃபயர்மேல் சாத்திவிட்டு
பீர் வாங்க இறங்கிப் போனான்.
கித்தார் தனியே ஊளையிட்டது.
வரிசை நீளம்.
யாரும் போய் அதை நிறுத்தவில்லை.

அவர்கள் போட்டது ஒரே ஒரு ஆல்பம், இரண்டு தட்டுகள்.
அட்டையில் பனி மூடிய சைக்கிள்.
முதல் சம்பளத்தில் வாங்கி, முதல் வாரமே கீறினேன்.
இரண்டாம் தட்டில் மூன்றாம் பாட்டு:
உன் கதவுவரை வந்தேன் என்பான்,
டக்கென்று ஊசி தாவும்,
பனியில் தனியே திரும்பிப் போனேன் என்பான்.
என்ன கவிஞன், என்று நினைத்தேன்.
பதினோரு வருஷம் அந்தத் தாவலில்தான்
என் சோகம் எல்லாம் குடியிருந்தது.
பிறகு தம்பெரேயில் நேரில் பாடக் கேட்டேன்.
நடுவில் இரண்டு வரி இருந்தது:
மணியடித்தேன், உன் அம்மா திறந்தாள்,
மீன் சூப் கொடுத்தாள், நீ வீட்டில் இல்லை.
கூட்டம் சிரித்தது.
என் பாட்டை யாரோ திருத்திவிட்டதுபோல்
எனக்குக் கோபம்.

அவுலிக்கியும் நானும் பிரிந்தபோது
படகு அவளுக்கு, கார் எனக்கு.
ஆல்பத்துக்கு மட்டும் மூன்று மாதம் சண்டை.
முதல் தட்டையும் அட்டையையும் அவள் எடுத்துக்கொண்டாள்.
இரண்டாவது, யாரோ ஒருவரின்
அக்கார்டியன் டாங்கோ உறைக்குள்
என்னோடு வீடு மாறியது.

போன அக்டோபரில் மறுபடி மேடையேறினார்கள்.
நூலக அரங்கு. எண் போட்ட நாற்காலிகள்.
முந்நூறு நரைத்த தலை.
இடைவேளையில் பீர்க் கடையைவிட
கழிப்பறைக்கு வரிசை நீளம்.
ஒஸ்மோ போய் நாலு வருஷம்.
அவன் இடத்தில் அக்கா மகன்,
ஒரு தப்புகூட இல்லாமல் வாசித்தான்.
அதுதான் உறுத்தியது.

என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாள் அவுலிக்கி.
டிக்கெட் எண் செய்த வேலை. நாங்கள் செய்ததல்ல.
பாதிக் கச்சேரியில் என் காதருகே ஏதோ கேட்டாள்.
இடது காது. அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது.
அவள் பக்கம் முழுதாகத் திரும்பினேன்.
வலது காது தானாக மேடைக்குப் போயிற்று.
பாட்டும் கேட்டது, அவள் உதடும் தெரிந்தது:
இது எந்தப் பாட்டு?
இருபது வருஷமாக அவளிடம் இல்லாத பாட்டு.
பொறு, என்றேன். சூப் வரும்.

சூப் வந்தது. அவள் சிரித்தாள்.
அதன்பின் பேருந்து நிறுத்தத்தில்
முழங்கால் வலி பற்றித்தான் பேசினோம்.

ஈடா வரைபடத்தை நீட்டுகிறாள்.
நாலாயிரத்தில் இடப்பக்கக் கோடு
பனி உடைந்த ஏரியில் கால் வைத்ததுபோல்
சட்டென்று உள்ளே போகிறது.
தொந்தரவா, எப்போது நிற்கும் என்று
தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா,
என்று என்னென்னவோ கேட்கிறாள்.

நிற்காது, பெண்ணே.
ஒஸ்மோ இன்னும் வரிசையில் இருக்கிறான்.